மூன்றுக்கு முன்னால் ஒரு புள்ளி

ஜனவரி 18, 2013, வெள்ளி

சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனேன். போனேனே தவிர ரத்தம் கொடுக்கவில்லை. நர்ஸ் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு பக்கத்தில் வந்ததும் எழுந்து வந்துவிட்டேன். ஊசி என்றால் எனக்குப் பயம், அவ்வளவுதான்.

சுலோசனா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, அறுபத்தாறு வயசுல ஊசிக்குப் பயந்து ஓடியார்ற மனுசன நா எங்கயும் பாத்ததில்லைங்க. நாப்பது வருசமா இதே கூத்து." கட்டிக்கொண்ட நாளிலிருந்து எண்ணி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

புது டைரி, மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. பொங்கல் முடிந்துதான் கொடுத்தார், கருமி. தேதிகளை அதில் 18.1 என்று அச்சடித்திருக்கிறார்கள் என்று எழுத வந்தேன், இதோ எழுதியும்விட்டேன். அடித்துவிட வேண்டும். நான் எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பதில்லை. பழக்கம். டிராயிங் ஆபீஸில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும்.

ஜனவரி 20, ஞாயிறு

மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்தில் ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும், நகக்கண்ணில் கிரீஸ். பெயர் எமிலி. சிங்காநல்லூரில் பட்டறை வைத்துப் பழைய மோட்டார்சைக்கிள்களைப் பிரித்துச் சரிசெய்து ஓட வைக்கிறாராம்.

"நீங்கதானுங்களா கனகசபாபதி சார்? நொய்யல் மோட்டார்ஸ்ல டிராயிங் போட்டவரு?"

"போட்டேன். கம்பெனியே இல்லாமப் போயி முப்பது வருசமாச்சு, இப்ப என்ன?"

"எங்கிட்ட ஒரு மைனா இருக்குதுங்க சார்."

சுலோசனா கூண்டுப் பறவை என்று நினைத்து, "பேசுமா கண்ணு?" என்று கேட்டாள்.

"பேச வைக்கத்தானுங்க பாடுபட்டுட்டு இருக்கேன்," என்று சிரித்தார் எமிலி.

மைனா 175. எங்கள் கம்பெனி உருப்படியாகச் செய்த ஒரே வண்டி. என் வாய் சும்மா இருக்குமா? ஒரு மணி நேரம் பேசினேன். எங்கள் சீஃப் என்ஜினியர் ஜம்புநாதன் பெட்ரோல் டேங்குக்கு ஆறு தடவை களிமண்ணில் உருவம் பிடித்ததைச் சொன்னேன். முதலில் வந்தது பூசணிக்காய், இரண்டாவது சவப்பெட்டி, ஆறாவதுதான் பறவையின் நெஞ்சு. கண்ணோரத்து மஞ்சள் கோடு பெயிண்டர் கை நழுவி இழுத்தது. ஜம்புநாதன் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இனி இதுதான் மைனா," என்றார். வண்டிக்குப் பெயர் வந்ததே அப்படித்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் முதலில் வேறு. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைத் தூக்கும். அதை விட்டுவிட்டு, குழாய்க்குள் குழாய் இறங்கும் ஃபோர்க்குக்கு மாறினோம். இரண்டு குழாய்களையும் கீழே ஒரு கட்டை பிடித்திருக்கும். அந்தக் கட்டையிலிருந்து ஒரு தண்டு மேலே ஏறி ஃபிரேமின் கழுத்துக்குள் போகும். ஹேண்டில்பார் திரும்புவதும் முன்சக்கரம் வண்டியோடு இருப்பதும் அந்த ஒரு தண்டினால்தான்.

தண்டுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். எமிலி தண்ணீர் கேட்டார். சுலோசனா எவர்சில்வர் சொம்பில் கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"படங்க ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சார்?"

"படங்களா? ஒண்ணும் இல்லீங்க." பொய் இல்லை. படங்கள் இல்லை. பரணில் தகரக் குழாய்க்குள் படம் ஒன்றுதான் இருக்கிறது.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா அங்க டெஸ்ட் ரைடரா இருந்தாருங்க. தேவசகாயம். உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இல்லை என்றேன். வயதாகிறதல்லவா.

ஜனவரி 21

ஞாபகம் இருக்கிறது.

ஜனவரி 24, வியாழன்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பிளம்பரைக் கூப்பிட்டால் நாளைக்கு என்பான், அவனுடைய நாளைக்கு அடுத்த மாசம். தொட்டிக்குள் குனிந்திருக்கும்போது தெருவில் ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி போனது. உள்ளே அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே தலையை நீட்டிப் பார்த்தால் தெருவில் ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு மைனா உட்கார்ந்து என்னையே பார்த்தது. சூ என்று விரட்டினேன். போகவில்லை.

தேவசகாயம் உயரமான மனுஷன். தினமும் காலையில் கல்லாறு வழியாகப் பர்லியாறு வரைக்கும் மலையேறி இறங்கி வருவார். நூறு வளைவாவது இருக்கும். வந்து நின்று, "சபாபதி, இன்னிக்கு உம்பட வண்டி நல்லாப் பாடுச்சுப்பா," என்பார். என் வண்டியாம். நான் பேப்பரில் கோடு போடுகிறவன். கிளம்புமுன் டிராயிங் ஆபீஸில் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். ஏதோ வாங்கிக்கொண்டு போவார், எதுவென்று இப்போது எதற்கு?

1974 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பர்லியாற்றுக்குக் கீழே மூன்றாவது வளைவில் பள்ளத்தில் விழுந்துவிட்டார். குடித்திருந்ததாக விசாரணையில் முடிவு செய்தார்கள். அப்போது எமிலி ஒரு வயதுக் குழந்தை.

ஜனவரி 27, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன், கால் போய்விட்டது.

மைனா நின்றுகொண்டிருந்தது. அதே காப்பிக்கொட்டை நிறம், அதே மஞ்சள் கோடு. ஃபிரேமின் கழுத்தில் எண் பொறித்திருப்பார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஆறு.

புது ஃபோர்க் வைத்து முதலில் ஆறு வண்டிதான் செய்தோம். ஒன்று தேவசகாயத்தோடு போயிற்று. நாலு வண்டியின் தண்டுகளை, இரும்பு சரியில்லை என்று நானே சீட்டு எழுதிக் கழித்துப் போட வைத்தேன். ஆறாவது வண்டி அதற்கு முன்பே கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து யாரோ வாங்கிப் போய்விட்டார். முப்பத்தொன்பது வருஷமாக அது எங்கே என்று தெரியாது. பேப்பரில் எங்காவது விபத்து என்று பார்த்தால் வண்டி என்ன வண்டி என்றுதான் முதலில் தேடுவேன்.

"ஒரு பண்ணை வீட்டுல வைக்கோலுக்குள்ள கெடந்துச்சுங்க சார்," என்றார் எமிலி. "ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. எல்லாமே ஒரிஜினல்."

ஃபோர்க்கைக் கழற்றிப் பலகையில் வைத்திருந்தார். தண்டும் கட்டையும் சேரும் மூலையில் என் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். நகம் மூலையில் முட்டி நின்றது.

"இந்தத் தண்டு வேணாமுங்க. வேற புதுசாக் கடைஞ்சு நான் தர்றேன்."

"ஐயோ, ஒரிஜினல மாத்தறதுக்கா இத்தன பாடு? பிப்ரவரி ஒம்பது அப்பாவோட நாளுங்க சார். அன்னிக்கு இதுலயே பர்லியாறு போயி, அவரு விழுந்த எடத்துல ஒரு மாலை போடலாமுன்னு."

"மலையிலயா? இதுலயா?"

"ஏனுங் சார் பயப்படறீங்க? வண்டி மேல தப்பில்லையே. எங்கப்பா மேலதானே தப்பு? அந்தத் தைரியத்துலதான ஏறப்போறேன்."

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அடுத்த ஸ்டாப்பில் ஒரு கிழவி ஏறினாள், எழுந்து கொடுத்துவிட்டேன். எனக்கு உட்காரவே முடியவில்லை.

ஜனவரி 30

ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. இருந்தால்தான் அதிசயம்.

பிப்ரவரி 2, சனி

கடைவீதியில் சுலோசனா தலையணை உறைக்குத் துணி எடுத்தாள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு விரல் கடை அளவுக்கு வெட்டினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு. அவ்வளவு துணியும் சர்ரென்று நேர்கோட்டில் கிழிந்தது.

தண்டு கதையும் இதேதான். மூலை வளைவாக இருந்தால் பாரம் வழிந்து போய்விடும். கூர்மையாக இருந்தால் அது கத்தரிக்கோல் வைத்த இடம். ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பிரேக்கும் அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். என்றைக்காவது ஒருநாள் சர்.

மூலையில் மூன்று மில்லிமீட்டர் வளைவு வேண்டும் என்று ஜம்புநாதன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். படத்தில் அதை ஆர் 3 என்று எழுதவேண்டும், ஆர் என்றால் ரேடியஸ். மூன்றுக்கு முன்னால் புள்ளி விழுந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. கூர்மூலைக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. துணி நன்றாக இருக்கிறது, நீலப் பூ போட்டது.

பிப்ரவரி 4, திங்கள்

மறுபடி பட்டறைக்குப் போனேன். எமிலி டீ சொல்ல வெளியே போனபோது, கழுத்து பேரிங்கின் இரும்புக் குண்டுகள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. நாலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குண்டு குறைந்தால் பூட்ட முடியாது, பூட்டாமல் ஓட்ட முடியாது. இந்த வயதில் திருட்டு.

பிப்ரவரி 5

எமிலி போன் செய்தார். "நாலு குண்டு கொறஞ்சுதுங்க சார், எங்க உருண்டு போச்சோ. சைக்கிள் கடையிலயே அதே சைஸ் கெடைச்சுது. ஃபோர்க்கப் பூட்டிட்டேன்."

பரவாயில்லையே என்றேன்.

பிப்ரவரி 6, புதன்

துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து சுலோசனா குண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் நாலு கறுப்புப் புள்ளிகள்.

"என்னங்க இது? பத்து நாளா நீங்க நீங்களாவே இல்லை. சாப்பாட்டுல கை வெச்சுட்டு எங்கயோ பாக்கறீங்க. அந்தப் புள்ள கிட்ட என்ன மறைக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் பரண்ல ஏறி அந்தத் தகரக் குழாயத் தடவிப் பாத்துட்டு எறங்கறீங்களா? கல்யாணமான வருசத்துலேர்ந்து பாத்துட்டுத்தான இருக்கறேன்."

உட்கார வைத்துச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். இனி யாரிடம் ஒளிக்க?

1973 நவம்பரில் எங்கள் நிச்சயதார்த்தம். அரை நாள் லீவு. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தண்டின் படத்துக்கு டிரேசிங் பேப்பரில் மை போட்டுக்கொண்டிருந்தேன். ஆர் எழுதி, மூன்று எழுதி, பேனாவை எடுக்கும்போது நடுவில் ஒரு சொட்டு விழுந்தது, கடுகளவு. பிரிண்ட் எடுத்து வந்தபோதுதான் பார்த்தேன். ஆம், பார்த்தேன். டிரேசிங்கைத் திரும்ப வாங்கி, பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மறுபடி பிரிண்ட் போட ஒரு மணி நேரம் ஆகும். மூன்று என்பது லேத்காரனுக்குத் தெரியாதா என்ன, என்று விட்டுவிட்டேன். அதற்கு முந்தின மாசம்தான் ஜம்புநாதன் லேத் ஷாப்பில் போர்டு மாட்டியிருந்தார்: படத்தில் உள்ளதைச் செய், யோசிக்காதே. லேத்காரர் யோசிக்கவில்லை.

தேவசகாயம் விழுந்த அன்று சாயந்தரம் நான் டிரேசிங்கை எடுத்துச் சுரண்டினேன். கை நடுங்கவில்லை. சுத்தமான வேலை.

சுலோசனா கையிலிருந்த குண்டுகளைத் தரையில் வைத்தாள். பிறகு, "பாக்கு வெத்தல மாத்துன அன்னிக்கா?" என்றாள். "ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா எங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பாரு?"

அடுக்களைக்குப் போய் அந்தச் சொம்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த சீர். பாத்திரக்கடையில் பெயர் வெட்டியது. சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்திக் குத்தி எழுதியிருக்கும். 'அன்பளிப்பு: தேவசகாயம், நொய்யல் மோட்டார்ஸ்'. எங்கள் கல்யாணத்துக்குப் பத்தாம் நாள் அவர் செத்தார். நான் அந்தச் சொம்பில் தண்ணீர் குடித்ததே கிடையாது. பித்தளைதான் உடம்புக்கு நல்லது என்று இத்தனை வருஷமும் சொல்லி ஒப்பேற்றிவிட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு இதுலதான தண்ணி குடுத்தேன்," என்றாள். "நாளைக்குப் போயிச் சொல்றீங்களா, இல்ல இப்பவே நானே போகட்டுமா?"

பிப்ரவரி 7

போகவில்லை. செருப்பு மாட்டினேன், கழற்றினேன். சொம்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி 8, வெள்ளி

காலை பத்து மணிக்குத் தகரக் குழாயோடு போனேன். எமிலி டேங்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். நாளை காலை கிளம்ப எல்லாம் தயார். பின்சீட்டில் மாலைக்குப் பை கட்டியிருந்தார்.

படத்தை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஆருக்கும் மூன்றுக்கும் நடுவில் சுரண்டிய இடம் தெரிந்தது. பேப்பர் அங்கே மெலிந்து, மற்ற இடத்தைவிட வெளிச்சமாக இருந்தது. புள்ளியை எடுத்துவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல், படத்தைப் பிடித்துக்கொண்டே, முழுசாகச் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்தார். கழுத்தைப் பிரித்துத் தண்டை வெளியே எடுத்தார். சிவப்புச் சாயத்தை மூலையில் தடவினார், கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தார், வெள்ளைப் பொடியை அடித்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெளியே கசியும். வெள்ளையில் ஒரு சிவப்பு முடி முளைத்தது. அரை நகம் நீளம்.

ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி.

எமிலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் உயிரைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப எங்கப்பா குடிக்கலீங்களா?"

"குடிக்கலைங்க."

"சட்டையெல்லாம் நெடின்னு ரிப்போர்ட்ல இருந்துச்சே?"

இதை நான் சுலோசனாவிடம்கூடச் சொல்லவில்லை. "அது ஸ்பிரிட்டுங்க. பேனா கழுவ எங்க ஆபீஸ்ல வெச்சிருப்போம். உங்கப்பா தெனமும் காலையில வந்து பஞ்சுல நனைச்சு வாங்கிட்டுப் போவாரு, கண்ணாடி தொடைக்க. மலையில பனி படியுமுல்ல. பஞ்ச மேல்பையில போட்டுக்குவாரு. அன்னிக்கும் நாந்தான் நனைச்சுக் குடுத்தேன். விசாரணையில, கெளம்பறப்ப நெடி வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுங்கன்னேன். என்ன நெடின்னு கேக்கல. நானும் சொல்லல."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மொத நாளே சொம்புல அப்பா பேரப் பாத்தேனுங்க சார். ஞாபகமில்லைன்னு பொய் சொல்றீங்கன்னு தெரியும். குடிகாரனோட மகளாச்சே, சங்கடப்படுவாளேன்னு மறைக்கறீங்கன்னு நெனச்சேன். நல்ல மனுசன்னு நெனச்சேன்."

திட்டியிருக்கலாம். ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருக்கலாம்.

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சுங்க, உங்கப்பா தொட்டதே இல்லடின்னு. நாந்தான் நம்பல. காது வேற கேக்காது அதுக்கு. கத்திக் கத்திச் சொல்வேன், சும்மா இரும்மா, ஊருக்கே தெரியும் அப்பா குடிகாரன்னு. தெருவே கேக்கக் கத்துவேன்." கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு சுங்கம் கல்லறைத் தோட்டத்துக்கு வாங்க."

9.2.2013

அன்றும் சனிக்கிழமைதான்.

சுலோசனாவும் வந்தாள். அந்தச் சொம்பில் தண்ணீரும் ஒரு முழம் செவ்வந்தியும் கொண்டுவந்தாள். புறப்படுமுன் அதில் ஒரு வாய் குடித்தேன். எவர்சில்வர் வாசனை, வேறொன்றும் இல்லை.

எமிலி பஸ்ஸில் வந்திருந்தார். இரண்டு கல்லறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஒன்று பாசி பிடித்தது, ஒன்று புதிது. நான் பாசி பிடித்ததன் முன்னால் போய் நின்று கைகூப்பினேன்.

"அங்க இல்லைங்க சார்," என்றார். "அப்பாவுக்குத் தெரியும். அம்மாகிட்டச் சொல்லுங்க."

லூர்துமேரி என்று எழுதியிருந்தது. அந்த அம்மாளை நான் விசாரணை நாளில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், இடுப்பில் குழந்தையோடு. எனக்கே கேட்காத குரலில் ஏதோ முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க சார். அம்மாவுக்குக் காது கேக்காது."

"உங்க வீட்டுக்காரர் குடிக்கலைங்கம்மா," என்று கத்தினேன். "அது ஸ்பிரிட்டுங்க. நாந்தான் குடுத்தேன். தெரிஞ்சுட்டே சொல்லாம இருந்தேன். வண்டி ஒடைஞ்சதும் என் படத்தாலதானுங்க."

நாலு கல்லறை தள்ளி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எமிலி கல்லில் கை வைத்துக் குனிந்திருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன்.